ஸ்டியரிங் பிடித்தவர்கள் மன்றத்துக்கு வரட்டும்

2022 மார்ச்சில் கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயரானார் காங்கிரசைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் சரவணன். பதவியேற்க வந்ததும் ஆட்டோவில்தான். எளியவர் உயர்ந்தார் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். சாலையிலேயே காலம் கழித்தவர் மன்றத்துக்குள் கொண்டுவரும் அறிவைப் பற்றித்தான் அதிகம் பேசவில்லை. அதன் அருமை போடிநாயக்கனூர்க்காரர்களுக்குத் தெரியும்.

போடி பெரிய தலைவர்களைப் பார்த்த தொகுதி. ஜெயலலிதா முதன்முதலாக, 1989-ல், சட்டமன்றத்துக்குப் போனது இங்கிருந்துதான். 2011 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்ற ஓ.பன்னீர்செல்வம், போடி உறுப்பினராக இருந்தபோதே இருமுறை முதல்வரானார். ஆனாலும் அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நின்ற ரயில், 2023 ஜூனில்தான் ஊருக்குத் திரும்பியது. ரயில்வே மத்திய அரசின் பொறுப்பு என்பது சரிதான். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் பெண்களின் பயணம் யார் பொறுப்பு?

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டி கேரளப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிறவர்களை ஜீப்பில் நெருக்கி ஏற்றுகிறார்கள். ஆள் குறைந்தால் டீசலுக்குக் கட்டாது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் காசுக்கு ஆள் ஏற்றினால், விபத்து நேரும்போது காப்பீட்டுப் பணம் இழுபறியாகிவிடும். சோதனை கடுமையானால் ஜீப் ஓடாது. ஜீப் ஓடாவிட்டால் அன்றைய கூலி போச்சு. இந்த முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று வண்டி ஓட்டியவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மூணாறு தேயிலையை இறக்க டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே கட்டினார்கள். அங்கிருந்து போடி வழியாகச் சரக்கு துறைமுகத்துக்குப் போனது. தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த அக்கறை, ஏலக்காய் பறிக்கும் கைகளுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஓட்டுநர் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்தால் எல்லாம் தீரும் என்றும் நான் நம்பவில்லை. கும்பகோணத்தின் 48 உறுப்பினர் மன்றத்தில் சரவணனின் கட்சிக்கு இருந்தவர்கள் இரண்டே பேர். மேயர் பதவி திமுக தன் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுத்தது. கூடவே கை தூக்க ஆளில்லாமல் ஒரு மேயர் எவ்வளவு தூரம் போக முடியும்? போடியில் ஜீப் ஓட்டுநர்களும் தோட்டத் தொழிலாளர்களும் நகராட்சிக்கும் மலையடிவார ஊராட்சிகளுக்கும் தனித்தனி ஆளாக அல்ல, அணியாகப் போக வேண்டும்.

போனால் கேட்க வேண்டியதும் தெளிவாகவே இருக்கிறது. அதிகாலையில் மெட்டு ஏறி மாலையில் இறங்கும் அரசுச் சிற்றுந்துகள் வேண்டும். அதற்கு இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் உட்கார்ந்து பேச வேண்டும். ஜீப்புகளுக்குக் கட்டுப்படியாகும் வரியில் வாடகைப் பதிவும், பயணிகளுக்குக் காப்பீடும் வேண்டும். பயணச் செலவில் ஒரு பங்கைத் தோட்ட முதலாளிகள் ஏற்க வேண்டும். கட்சிகள் அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு வேட்பாளர் தேடும்போது, முதலில் ஜீப் ஸ்டாண்டில் விசாரிக்கட்டும்.