மன்னாரில் தூண்டில் சுற்றுலா: வழிகாட்டி யார்?

மன்னாரில் வெளிநாட்டவருக்கான தூண்டில் மீன்பிடி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நுவரெலியாதான் நினைவுக்கு வரும். 1880களில் ஆங்கிலேயர் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டார்கள். கொழுந்து பறித்த எம்மவருக்கு அது துரைமாரின் மீன்.

மன்னாரின் வெக்கைக்கு ட்ரவுட் தாங்காது, அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். ஆனால் கட்டுக்கரைக் குளத்தில் விரால் இருக்கிறது, பொய் இரையைப் பாய்ந்து கவ்வும். கடலில் பாரை, சீலா. பிடித்த மீனைத் திரும்ப விடுவதற்கே இவர்கள் காசு கொடுப்பார்கள் (எங்கள் அப்புமாரிடம் சொன்னால் சிரிப்பார்கள்).

நான் இதை எதிர்க்கவில்லை. வழிகாட்டி யார் என்றுதான் கேட்கிறேன். எந்த நீரோட்டத்தில் பாரை கரைக்கு அணையும் என்பது பேசாலை, தலைமன்னார் மீனவருக்குத் தெரியும். யுத்தகாலத்தில் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாதிருந்த சனம் அது. 2015இல் ஆதாம் பாலம் தேசியப் பூங்காவாகியது. 2017இல் இழுவைமடியைச் சட்டம் தடைசெய்தது, இந்திய இழுவைப்படகுகள் வருவது நிற்கவில்லை. இப்படி ஒவ்வொரு பக்கமாகச் சுருங்கிய கடலில், அனுமதிப்பத்திரம் கொழும்பு முதலாளிக்கும் நங்கூரம் தூக்கும் வேலை எங்கள் பொடியனுக்கும் என்றால் அது இன்னொரு நுவரெலியாதான்.

அனுமதியை கிராமத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் கொடுக்கட்டும். கட்டணத்தைச் சங்கமே தீர்மானிக்கட்டும். வலை படுக்கும் இடத்தையும் நேரத்தையும் முதலில் குறித்துவிட்டு, மிச்சக் கடலில் தூண்டில்காரரை இறக்கலாம்.