குடும்ப நலம்: மூக்கு வீக்கத்துக்குப் பத்து வேண்டாம்

தோட்டத்துத் தாயார் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. "பட்டணத்தில் வேலை செய்யும் என் மகள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சேர்த்து வைத்த பணத்தில் மூக்கை அழகுபடுத்த ஆப்பரேஷன் செய்துகொண்டு வந்திருக்கிறாள். இன்று மூன்றாம் நாள். கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிக் கறுத்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டார். கட்டைப் பிரிக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

பிரிக்கவே கூடாது என்று அவருக்கு அன்றே எழுதிவிட்டேன். மற்றத் தாய்மார்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

மூக்கு எலும்பையும் குருத்தெலும்பையும் திருத்தும்போது சிறு இரத்தக் குழாய்கள் அறுபடுகின்றன. கசியும் நீரும் இரத்தமும் கண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய தோலுக்கடியில் தேங்குகின்றன. வீக்கம் 2 அல்லது 3 நாள் வரை ஏறி, பிறகுதான் இறங்கும். ஆகவே நீங்கள் பயந்துபோகும் அந்த நாள்தான் பெரும்பாலும் உச்ச நாள். கறுப்பு, பச்சையாகி, மஞ்சளாகி, ஏறக்குறைய 2 வாரத்தில் மறையும்.

மேலே உள்ள அச்சுக்கட்டு, திருத்திய எலும்பை நிலையில் பிடித்து வைப்பது. வழக்கமாக ஒரு வாரம் கழித்து டாக்டரே எடுப்பார். அதைப் பிரித்துப் பத்துப் போட்டால் எலும்பு நகரலாம். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். புண்ணில் கிருமி சேரும். எண்ணெய் தேய்த்து நீவுவது, வேது பிடிப்பது, சூட்டு ஒத்தடம் ஆகியவையும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை இவை. இரண்டு மூன்று தலையணை வைத்து, தலை உயர்ந்திருக்க மல்லாந்து படுக்கட்டும். முதல் 2 நாள், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்திலும் கண்ணோரத்திலும் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வைக்கலாம். மூக்கின்மேல் வைக்கக் கூடாது. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், கிச்சாப், பாக்கெட் மீ இவற்றை ஒதுக்குங்கள். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். குனிந்து கூட்டுவது, தண்ணீர் வாளி தூக்குவது, பிள்ளையைத் தூக்குவது எல்லாம் டாக்டர் சொல்லும் வரை, பொதுவாக 3 அல்லது 4 வாரம், கூடாது. வெயிலும் ஆகாது. வீட்டில் யாரும் அவள் பக்கத்தில் புகை பிடிக்க வேண்டாம். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். கடையில் வாங்கும் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் மாத்திரைகள் இரத்தப் போக்கைக் கூட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரை போதும். மூக்குத்தியும் அவர் அனுமதித்த பிறகே.

ஆனால் எல்லா வீக்கத்தையும் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. இறங்கிய வீக்கம் மறுபடி ஏறினாலும், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைத்தாலும், இரண்டு துவாரமும் அடைத்து வலி கடுமையானாலும், இரத்தம் நிற்காவிட்டாலும், காய்ச்சல் அடித்தாலும், பார்வை மங்கினாலும், தண்ணீர் போல் தெளிவாக ஒழுகினாலும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். இராத்திரியானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் கட்டி, அதை வடிக்காமல் விட்டால், உள்ளே குருத்தெலும்பு அழிந்து மூக்குத் தண்டே அமுங்கிவிடும்.

மகளுக்கும் ஒரு வார்த்தை. கட்டை எடுத்த அன்று கண்ணாடியில் பார்ப்பது உன் புது மூக்கு அல்ல. பெரும்பாலான வீக்கம் சில வாரங்களில் வடியும். நுனி வீக்கம் முழுதும் வடிய ஓர் ஆண்டுகூட ஆகலாம். தடித்த தோலுக்கு இன்னும் மெதுவாகத்தான் வடியும். "காசும் போயிற்று, முகமும் போயிற்று" என்று முதல் மாதத்திலேயே மனம் உடைந்துவிடாதே.

அந்தத் தாயார் கடிதத்தின் கடைசியில், "ஆண்டவன் கொடுத்த மூக்குக்கு என்ன குறை என்று கேட்டேன், அன்றிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாள்" என்று எழுதியிருந்தார். அம்மா, உங்கள் மனத்தாங்கல் நியாயமானதே. ஆனால் அழுதால் மூக்கடைக்கும், அடைத்தால் சிந்தத் தோன்றும், சிந்தினால் இரத்தம் வரும். கேட்க வேண்டியதை அவள் ஆறிய பிறகு கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது தலையணையைச் சரியாக வைத்து, உப்புக் குறைத்த கஞ்சி ஒரு கிண்ணம் கொடுங்கள்.