ஆங்கிலச் சொல்லறிவு: தலையை நோக்குக!

தமிழ்ச் சொல் பெரும்பாலும் தன் இறுதியிலே உருபுகளை ஏற்றுப் பொருள் வேறுபடும். ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கோ பொருள் தலையிலே இருக்கின்றது. அங்கே வந்து சேரும் உறுப்பை முன்னொட்டு என்பர். சொல்லின் ஈற்றை நோக்கிப் பழகிய நம் மாணவர் தலையை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஒலியால் ஒத்த முன்னொட்டுக்களிலே அவர் இடறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

'ஹைப்பர்', 'ஹைப்போ' என்னும் இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்வோம். இரண்டும் கிரேக்க மொழியினின்று வந்தவை. முன்னது 'மேலே' எனவும், பின்னது 'கீழே' எனவும் பொருள்படும். தோலின் கீழே மருந்தேற்றும் ஊசிக்கு 'ஹைப்போடேர்மிக்' என்னும் பெயர் வழங்குவதை நினைவில் இருத்தினால் இவ்வேறுபாடு மறவாது.

நீரிழிவுடையார் இல்லத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குருதியிலே சீனி மிகுவது 'ஹைப்பர்கிளைசீமியா', குறைவது 'ஹைப்போகிளைசீமியா'. குறைந்தவர் விழுங்கத்தக்க உணர்வுடன் இருப்பின் உடனே இனிப்புக் கொடுத்தல் வேண்டும். மிகுந்ததென மயங்கி அவருக்கு இன்சுலின் ஏற்றினால் உயிருக்கே இறுதி நேரலாம்.

அடுத்தது 'அன்ரி'. செவிக்கு ஒன்றுபோல ஒலிப்பினும் எழுத்தில் இஃது இரண்டு. 'ஈ' என்னும் எழுத்தில் முடிவது இலத்தீன். 'முன்' என்பது அதன் பொருள். முற்பகலைக் குறிக்கும் 'ஏ.எம்.' என்பதில் 'ஏ' என நிற்பது இதுவே. கருவுற்ற மகளிர் மகப்பேற்றின் முன் செல்லும் சிகிச்சை நிலையத்தின் பெயரிலும் இதுவே உண்டு. 'ஐ' என்னும் எழுத்தில் முடிவது கிரேக்கம். 'எதிர்' என்பது அதன் பொருள். நஞ்சுக்கு எதிரான மாற்றுமருந்தின் பெயர் 'அன்ரிடோற்'. ஆயினும் 'எதிர்பார்த்தல்' எனப் பொருள்படும் 'அன்ரிசிப்பேற்' விதிவிலக்கு. 'ஐ' பெற்றும் அஃது 'முன்' என்னும் இலத்தீன் வழியதே.

இறுதியாக 'இன்' என்பதை நோக்குவோம். இது பல சொற்களில் 'அல்லாத' எனப் பொருள்படும். ஆனால் 'இன்பிளேமபிள்' என்பது எளிதில் தீப்பற்றுவதையே குறிக்கும். இதனைத் 'தீப்பற்றாதது' எனக் கொள்வார்க்கு நேரக்கூடிய கேட்டை அஞ்சியே, ஐக்கிய அமெரிக்காவின் தீத்தடுப்புத் துறையினர் 1920 ஆம் ஆண்டுகளில் 'இன்' நீக்கிப் 'பிளேமபிள்' என எழுதுமாறு வற்புறுத்தலாயினர்.

ஆகவே, மாணவர்களே, மருந்துச் சீட்டாயினும் எண்ணெய்ப் பீப்பாவாயினும் தலையெழுத்தை ஊன்றிப் படியுங்கள். ஐயம் எழுமிடத்து அகராதியை விரிக்க நாணுதல் வேண்டா.