45 வயதுக்குப் பிறகு நோட்டில் பக்கம் இல்லை

கர்ப்பம் என்று உறுதியானதும் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு எண் கிடைத்துவிடுகிறது. அன்றிலிருந்து கிராம சுகாதார செவிலியர் விடமாட்டார். ஊசி போட்டாச்சா, ஸ்கேன் எடுத்தாச்சா, சத்து மாத்திரையை விழுங்குகிறீர்களா, பரணில் போடுகிறீர்களா என்று வீடு தேடி வந்து கேட்பார். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவியும் உண்டு. பிள்ளை பெறும் உடம்பை இந்த மாநிலம் நன்றாகவே கவனிக்கிறது. அதே பெண்ணுக்கு 45 வயதாகி மாதவிடாய் தடுமாறத் தொடங்கும்போது, அவருக்கென்று அந்தச் செவிலியரின் நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலைநாடுகளில் 51. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டதாகக் கணக்கு. தொல்லைகளோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிடுகின்றன. நடுராத்திரியில் உடம்பு குப்பென்று வேர்க்கும். தூக்கம் போகும், மூட்டு பிடிக்கும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் போனால் எரியும், யார் என்ன சொன்னாலும் அழுகை முட்டும். இத்தனைக்கும் அடியில் பெரும்பாலும் இருப்பது ஈஸ்ட்ரோஜன் குறைவு.

அரசு மருத்துவமனையில் இது நாலு நோயாகிவிடுகிறது. மூட்டுவலிக்கு எலும்புப் பிரிவு, படபடப்புக்கு ஈ.சி.ஜி., தூக்கமின்மைக்கு மனநலப் பிரிவு, எரிச்சலுக்கு ஆன்டிபயாடிக். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. கையில் சேரும் ஓ.பி. சீட்டுகளை ஒன்றாக வைத்துப் படிக்க ஆள் இல்லை. "வயசாச்சில்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்ற வார்த்தையோடும் கால்சியம் மாத்திரை அட்டையோடும் திரும்புகிறார்கள்.

அப்படித்தான் இருக்கும் என்று விடக்கூடிய விஷயமா இது? மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஐந்தாறு ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது. அதுவரை பெண்களுக்கு மாரடைப்பிலிருந்து ஓரளவு இருந்த பாதுகாப்பு குறைகிறது. அறுபதைத் தாண்டி குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும்போது அதை விபத்து என்கிறோம். நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கர்ப்பப்பைப் புற்றுநோயா என்று உடனே பார்த்தாக வேண்டும். இதை அறியாமல், 'தூரம் திரும்பி வந்திருக்கு' என்று மாதக்கணக்கில் சும்மா இருக்கும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

கவனிப்பு இல்லாத இடத்தில் கத்தி நுழைகிறது. ரத்தப்போக்கு அதிகமென்று வருகிறவரிடம், "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு, எடுத்துடலாம்" என்பது மிகச் சுலபமான பதில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை 2019இல் கணக்கெடுத்தபோது, 13,861 பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. கர்ப்பப்பையோடு சினைப்பையும் சின்ன வயதிலேயே போய்விட்டால் எலும்புக்கும் இதயத்துக்கும் ஆபத்து பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். அறுவைக்குப் பின் அவரைத் தொடர்ந்து பார்ப்பது யார்?

ஈஸ்ட்ரோஜன் குறைவை ஈடுசெய்யும் ஹார்மோன் மருந்து என்றாலே புற்றுநோய் என்ற பயம் வேறு. 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றால் பரவியது அது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், அல்லது நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆகாது. யாருக்கு ஆகும் என்று பிரித்துச் சொல்லத்தான் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு நிமிட ஓ.பி.யில் அது நடக்காது.

பெண்கள் வெட்கப்பட்டுப் பேசமாட்டார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. பாதி உண்மை. "அக்கா, கடைசியா எப்ப வந்துச்சு?" என்று இன்னொரு பெண் கேட்டால் பேசாமல் இருப்பவர் குறைவு.

கேட்கும் ஆளும் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நாற்பது தாண்டிய பெண்களிடம் இன்னும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: கடைசி மாதவிடாய் எப்போது, நின்றபின் ரத்தம் பட்டதா, கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்களா, எடுத்திருந்தால் எந்த வயதில். பதிலைப் பார்த்து அனுப்ப ஓர் இடமும் வேண்டும். தாலுகா மருத்துவமனையில் வாரம் ஒரு நாள், ஒரே அறையில் மகப்பேறு மருத்துவரும் பொது மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் மனநல ஆலோசகரும் இருக்கட்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, கொழுப்பு, மார்பகம், கர்ப்பப்பை வாய் எல்லாவற்றையும் அன்றே பார்த்துவிடலாம். எலும்பு அடர்த்திச் சோதனை தேவைப்படுவோரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தேதி குறித்து அனுப்பலாம். ஹார்மோன் மாத்திரையும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் அரசு மருந்தகத்திலேயே தரப்பட வேண்டும். வெளியே வாங்கச் சொன்னால் வாங்கமாட்டார்கள். எந்த மாவட்டத்தில், எந்த வயதில், என்ன காரணத்துக்காக எத்தனை கர்ப்பப்பைகள் அகற்றப்பட்டன என்ற கணக்கையும், தனியார் மருத்துவமனைகளைச் சேர்த்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

புதுக் கட்டடமோ புதுச் சட்டமோ இதற்குத் தேவையில்லை. சுகாதாரத் துறை ஓர் அரசாணை போட்டால் போதும். அந்த ஆணையில் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பகல் பத்து மணி கிளினிக் இருந்தும் இல்லாததுதான்.