உடம்பின் வரவு செலவு

மார்கழி விடியற்காலை. ஆவடியில் வாசல் தெளித்துக் கோலம் போட உட்கார்ந்த பெண்மணி, புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக் கொள்கிறாள். விரல் நடுங்கி இழை கோணுகிறது. அதே வேளையில் சிறப்புக் காவல் படை முகாமின் பக்கம் ஓட்டப் பயிற்சி முடித்து ஓர் இளைஞன் வருகிறான். அவன் பனியனைப் பிழிந்தால் வேர்வை சொட்டும்! தெரு ஒன்று, பனி ஒன்று. ஒருவருக்குக் குளிர், மற்றவருக்குப் புழுக்கம். இது என்ன வேடிக்கை?

இருவர் உடம்பும் காப்பாற்றப் பாடுபடுவது ஒரே உஷ்ணத்தைத்தான்: உள்ளே ஏறக்குறைய 37 டிகிரி செல்ஷியஸ். அதைக் கவனிக்க மூளையின் அடிப்பாகத்தில் 'ஹைப்போதலாமஸ்' என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. செட்டாகக் குடித்தனம் செய்யும் ஒரு குடும்பத் தலைவி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

குளிரடித்தால் அவள் முதலில் செலவைக் குறைக்கிறாள். தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; சூடான இரத்தம் உள்ளேயே தங்குகிறது. விரல் நுனி ஜில்லென்று ஆவது இதனால்தான். போதவில்லையா? வரவைப் பெருக்குகிறாள். தசைகள் தாமாகவே துடிக்கின்றன, அதுதான் நடுக்கம். அதிலிருந்து உஷ்ணம் பிறக்கிறது.

ஓடுகிறவன் கதை நேர்மாறு. விறகடுப்பில் எரிகிற சூடெல்லாம் பானைக்கா போகிறது? தசையும் அப்படித்தான். செலவழிக்கும் சக்தியில் சுமார் கால் பங்குதான் வேலையாகிறது. மீதி முக்கால் பங்கு வெறும் சூடு. உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வேர்வை பெருகுகிறது.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். வேர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது உலர்வதால்தான் குளிர்கிறது! ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால், சுமார் 8 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்கு உஷ்ணத்தை உடம்பிலிருந்து எடுத்துக் கொண்டு போகும். 1774-ல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற வைத்தியர், 120 டிகிரிக்கு மேல் சூடேற்றிய அறைக்குள் சில நிமிஷங்கள் இருந்தார். அங்கே வைத்த முட்டை வெந்தது. அவர் சௌக்கியமாக வெளியே வந்தார். காரணம், அறையின் காற்று உலர்ந்த காற்று. நம் சென்னைக் காற்று ஈரக் காற்று அல்லவா? இங்கே வேர்வை உலரத் திணறுகிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி உடம்பு இளைக்க வேண்டுமென்று, காற்றுப் புகாத பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் வேகமாக நடக்கிறார். "அரைக் கிலோ குறைந்துவிட்டது!" என்று ஒரே பூரிப்பு. குறைந்தது கொழுப்பு அல்ல, தண்ணீர். இரண்டு செம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். ஆபத்து மட்டும் நிஜம். 1997-ல் அமெரிக்காவில் எடை குறைப்பதற்காகத் தண்ணீரைக் குறைத்து, வேர்க்க வேர்க்கப் பயிற்சி செய்த மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். பிறகு அங்கே கல்லூரிப் போட்டிக்காரர்களுக்கு அத்தகைய உடுப்பையே தடை செய்துவிட்டார்கள்.

ஆகவே சகோதரிகளே, நடக்கப் போகும்போது ஸ்வெட்டர் வேண்டுமானால் போடுங்கள். உடம்பு சூடேறியதும் கழற்றி விடுங்கள். நனைந்த ரவிக்கையோடு பனியில் நின்று பேசாதீர்கள். வெயிலில் விளையாடும் பிள்ளை தள்ளாடினாலோ, உளறினாலோ, நிழலில் கிடத்தி உடனே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூடவே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். வண்டி வரும் வரை தண்ணீரும் விசிறியும் நிற்கக் கூடாது.

அதோ, ஆவடிப் பெண்மணி புள்ளிகளையெல்லாம் வளைத்து முடித்து எழுந்துவிட்டாள். குனிந்து நிமிர்ந்து இழுத்ததிலே நடுக்கம் எங்கோ போய்விட்டது. தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக் கொள்கிறாள்!