வாசல் சாய்தளங்களை இடிக்கும் முன் சாலை மட்டத்தைக் குறைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்.
பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள், மண்டல அலுவலகம்.

பார்வை: எங்களது முந்தைய ஐந்து மனுக்கள்; தலைமைச் செயலாளரின் 2021 ஆம் ஆண்டு அறிவுறுத்தல்.

ஐயா,

எங்கள் சங்கம் பதிவு பெற்றது. 64 வீடுகள் உறுப்பினர்களாக உள்ளன.

கேட்டுக்கு வெளியே கட்டிய சாய்தளங்களை ஏழு நாளில் அகற்றாவிட்டால் இடித்துவிட்டுச் செலவையும் வசூலிப்போம் என்று வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்திருக்கிறது. சாய்தளம் தெருவில் நீளுவது தவறு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதனால் நடப்பவர்கள் நடுச்சாலைக்கு வர வேண்டியிருக்கிறது. மழைநீர் ஓரமாக ஓட வழியில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்பதைத்தான் ஐந்து மனுக்களிலும் எழுதினோம். பதில் ஒன்றுகூட இல்லை. மறுபடியும் எழுதுகிறோம்.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்தது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் தார் அடுக்குகளை எண்ணினோம்: நான்கு. ஸ்கேல் வைத்தால் 15 செ.மீ. தெருக்கோடி வீட்டுக்கு முன்பு ஏறிப் போவோம். இன்று இறங்க வேண்டும். கேட்டின் அடிப்பக்கத்தை இருமுறை வெட்டியும் தாரில் உரசுகிறது. சென்ற மழையில் சாக்கடை கலந்த நீர் சம்ப்புக்குள் இறங்கியது. இதற்குப் பயந்தே மற்றவர்கள், அடுத்த தாரையும் கணக்கிட்டுப் போர்டிகோவை உயர்த்தினார்கள். உயர்த்திய போர்டிகோவுக்கும் கேட்டுக்கும் இடையே இடமில்லாததால் சாய்தளம் தெருவுக்கு வந்தது.

சாலை போடும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கனத்துக்கே புதுத்தளம் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள் அறிவுறுத்தினார். அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் ஒரு அடுக்கு ஏறியது. எங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவோர் அந்த அறிவுறுத்தலுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எனவே சாலையைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்து, அந்த மட்டத்தைத் தெருமுனையில் கல்லில் குறித்துத் தாருங்கள். அதன்பின் போர்டிகோவைத் தாழ்த்திச் சாய்தளத்தைக் கேட்டுக்குள் நாங்களே கொண்டுபோகிறோம்; எழுத்திலும் தருகிறோம். அதுவரை இடிப்பை நிறுத்தி வையுங்கள்.



தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். குழாய் பதிக்கத் தோண்டிய அந்தப் பள்ளம் இன்னும் மூடப்படவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்