கஞ்சித் தொட்டி என்றால் கேவலமா?

“கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிக்கா போவச் சொல்றீங்க அக்கா? நாங்க இன்னா நாதியத்தவங்களா?”

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வாசலில் என் காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவர் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அத்தை. மகனுக்குக் கடுங்காய்ச்சல். “ஸ்டான்லிக்கு உடனே அழைத்துப் போ” என்றார் என் அம்மா. அத்தைக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார். பையன் பிழைத்தான், அது மகிழ்ச்சியே. ஆனால் கம்மலும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. வட்டி ஏறியது. அவருடைய மூத்த மகள் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறாள். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் அவள்தான். அந்த இடம் இன்று காலியாக இருக்கிறது.

அன்புத் தோழியரே, ஒரு பெயரைக் கண்டு வெட்கப்பட்டதற்கு இவ்வளவு பெரிய விலையா? அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சற்றே பார்ப்போம்.

ஐதர் அலியின் படையெடுப்பை அடுத்துச் சென்னையைப் பஞ்சம் வாட்டியது. பசியால் நகருக்கு ஓடிவந்தவர்களுக்காக 1782ஆம் ஆண்டில் ஒரு கஞ்சிச் சத்திரம் எழுந்தது. அதுவே மணியக்காரர் சத்திரம். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் இப்பகுதியில் உள்நாட்டு மக்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் சத்திரமும் மருத்துவமனையும் ஒன்றாயின. பசித்தவனுக்குக் கஞ்சியும், நோயுற்றவனுக்கு மருந்தும் ஒரே வாசலில் கிடைத்தன. அந்த விதையிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி. 1938இல் ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்குச் சூட்டப்பட்டது. ஆனால் வடசென்னை மக்களின் நாவில் கஞ்சித் தொட்டியே நிலைத்தது.

வயிறு காய்ந்தவனுக்கு முதல் மருந்து சோறு அல்லவா? இதை உணர்ந்தவர்கள் தொடங்கிய இடத்தின் பெயரில் கேவலம் எங்கே இருக்கிறது? நான் அதைப் பட்டமாகவே கருதுகிறேன்.

ஏழைகளுக்கான மருத்துவம் என்றால் இரண்டாந்தர மருத்துவம் என்று எண்ணுவோரும் உண்டு. அவர்கள் ஒன்றை அறிய வேண்டும். வடசென்னை உழைக்கும் கைகளின் ஊர். துறைமுகமும், லேத்துப் பட்டறைகளும், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளும் சூழ்ந்த ஊர். இயந்திரத்தில் கை நசுங்கி வருவோருக்கு இங்கே குறைவில்லை. ஒரு தொழிலாளிக்குக் கை போனால் குடும்பத்தின் சோறே போயிற்று. 1971இல் டாக்டர் ஆர். வேங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே ஸ்டான்லியில் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். அது நாடெங்கும் பெயர் பெற்றது. அக்கம்பக்கத்து மக்களின் துன்பம் என்னவென்று பார்த்து, அதற்கேற்ற மருத்துவத்தை வளர்ப்பதுதான் ஒரு வட்டார மருத்துவமனையின் பெருமை.

வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என நான்கைச் சொன்னார். எங்கள் பேட்டையில் வாழும் நான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: பக்கம். நடந்து போகும் தொலைவில் மருத்துவமனை இல்லையேல், ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சும் ஏழை நோயை மறைத்தே வைப்பான்.

“அங்கே கூட்டம், காத்திருக்க வேண்டும், வராந்தாவில் துப்புகிறார்கள், நம்மை யாரும் மதித்துப் பேசுவதில்லை” என்று பெற்றோர் சொல்லக்கூடும். அரசு மருத்துவமனைகளில் இக்குறைகள் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் துப்புவது யார்? நாம்தானே! கூட்டம் வருவது ஏன்? தலைவலிக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் பெரிய மருத்துவமனைக்கே ஓடுவதும் ஒரு காரணம். தெருவுக்கு அருகிலுள்ள நகர்ப்புற சுகாதார நிலையத்தை நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியது. அதை எத்தனை பாட்டிமாருக்கு எடுத்துச் சொன்னோம்?

இன்னொன்றும் உண்டு. படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் பொது மருத்துவமனையைக் கைவிடும்போது, குறையைத் தட்டிக் கேட்கும் குரலும் அவர்களோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சியிருப்போர் கேட்கத் தெரியாதவர்கள், கேட்டாலும் மதிக்கப்படாதவர்கள். ஆகவே, நாம் அங்கே போக வேண்டும். போய்ச் சுத்தத்தையும் மரியாதையையும் பணிவோடும் உறுதியோடும் கேட்க வேண்டும். ஏழைக்கு இரக்கம் காட்டச் சொல்லவில்லை. அவனோடு ஒரே வரிசையில் நிற்கச் சொல்கிறேன்.

மாணவியராகிய நாம் என்ன செய்யலாம்? எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாரோடு துணைக்குச் சென்று சீட்டுப் பதிந்து தரலாம். எந்தப் பிரிவு எங்கே என்று வழி காட்டலாம். பதினெட்டு வயதும் உடல்நலமும் உள்ளவர்கள் இரத்த தானம் செய்யலாம். மருத்துவராகவோ செவிலியராகவோ விரும்பும் தோழியர், படித்து முடித்தபின் இந்தப் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

என்னைப் பொறுத்தவரை, முதல் வேலையை முடிவு செய்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அத்தை வீட்டுக்குப் போகிறோம். கஞ்சித் தொட்டியின் கதையை அவருக்குச் சொல்வேன். பிறகு, பள்ளி திறக்கும் நாளில் அவர் மகளை என்னோடு அனுப்பும்படி கேட்பேன். என் பக்கத்து இடத்தை அவளுக்காகவே வைத்திருக்கிறேன்.

— பதினொன்றாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு